ரத்துசெய்

தினசரி காலண்டரில் இன்றைய தாள் தெரிந்தது. அதுதான் தாரணிக்கு உறுத்தியது. அவள் தினமும் தாள் கிழிக்கிற ஆள் இல்லை. ஞாபகம் வரும்போது நாலைந்து நாளைச் சேர்த்துக் கிழித்துக் கசக்கிப் போடுவாள். காலையில் காப்பி போடும்போது போன வாரத்துத் தேதிதான் தொங்கிக்கொண்டிருந்தது என்று அவளால் சத்தியம் பண்ண முடியும். இப்போது இன்றைய கிழமை, இன்றைய ராகு காலம் என்று எல்லாம் சரியாக இருந்தது. மேலே துணுக்குகூட ஒட்டாமல் சுத்தமாகக் கிழித்திருந்தார்கள்.

"நிலா, காலண்டர நீ கிழிச்சியா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத."

"எனக்கு எட்டாதும்மா." ஷூவை உதறிவிட்டு, கலர் பென்சில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நிலா உள் அறைக்குப் போய்விட்டாள்.

ஆறு வயசுக்கு வாய் மட்டும் நீளம். நான் குளிக்கும்போது நாற்காலி போட்டு ஏறியிருக்கும் என்று தாரணி முடிவு கட்டினாள். அதற்குமேல் விசாரணை நடத்த அவளிடம் தெம்பில்லை. ஆழ்வார்பேட்டை மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றபடியே பில் போட்டு, மழைக்காக ஆட்டோக்காரர்கள் கேட்ட கூலியில் எரிச்சலாகி, டியூஷனிலிருந்து குழந்தையை ஒரு குடைக்குள் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். வாசலுக்கு வெளியே கொடியில் கிடந்த துணியை மட்டும் யாரோ மழைக்கு முன்பே எடுத்து, வாசலிலேயே ஒரு நாற்காலியில் வைத்திருந்தார்கள். கீழே குடியிருக்கும் ஹவுஸ் ஓனர் கங்கம்மாவாகத்தான் இருக்கும். வீட்டின் மாற்றுச் சாவியும் அவளிடம்தான் இருந்தது. இந்த ஊரில் ஒரு ஆளாவது உருப்படியாக இருக்கிறாளே என்று நினைத்துத் துணியை அள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டாள்.

மந்தைவெளி ஸ்டேஷனுக்குப் பின்பக்கச் சந்து அது. மழை பெய்தால் கால்வாயின் அழுகல் வாடை மாடி வரைக்கும் ஏறிவரும். அதோடு சுவரில் ஊறிய சுண்ணாம்பு வாசனையும், எதிர்க்கடையில் காப்பிக்கொட்டை அரைக்கிற வாசனையும் கலந்து, பறக்கும் ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி மெல்ல அதிர்ந்து அடங்குகிற இந்த இரண்டு அறை வீட்டுக்கு, அவள் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. யாரிடமும் விலாசம் சொல்லவில்லை. சொந்த அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிடமே மாப்பிள்ளைக்குப் போன் போகும்.

ராம்குமார் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவனும் இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய தலைவலி. தி. நகரில் அவன் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை. டெலிவரிக்குப் போகிற ஆட்கள் எங்கே சுற்றுகிறார்கள் என்று பார்க்க, கடைப் போன்களில் 'உறவுவட்டம்' என்று ஒரு ஆப் போட்டார்கள். அது மெல்ல வீட்டுக்கும் வந்து, மருமகள் போனில் உட்கார்ந்துகொண்டது. பாண்டி பஜாரில் ஏன் அவ்வளவு நேரம் நின்றாய், அடையாறு சிக்னலில் யாருடைய வண்டி, பேங்குக்கு எதற்கு அந்தத் தெரு வழியாகப் போனாய். கத்தாமல், சிரித்த முகத்தோடு, சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து கேட்பான். பெரியவர்களிடம் சொன்னால், அக்கறை உள்ள பையன் என்றார்கள். கிளம்புவதற்கு முதல்நாள் அவளிடம் சொன்னான், "நீ எங்க வேணா போ. எங்க இருந்தாலும் நிலாவ வந்து கூட்டிட்டுப் போயிருவேன்." அப்போதும் சிரித்தான்.

அதனால்தான் அவள் வந்த முதல் வேலையாக அந்த ஆப்பை ஒழிக்கப் பார்த்தாள். நீக்கப்போனால், முதலில் இருப்பிடப் பகிர்வை நிறுத்தவும் என்றது. நிறுத்தப்போனால் ஒரு பெட்டி வந்தது. அந்த ஜவுளிக்கடையில் எல்லோர் போனும் தமிழில்தான் இருக்கும், அவளுடையதும் அப்படியே. 'இருப்பிடப் பகிர்வை ரத்துசெய்யவா?' என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'ரத்துசெய்'. இன்னொன்று 'சரி'. எதைச் சரி என்பது? அவள் ரத்துசெய்யை அழுத்தினாள். பெட்டி மறைந்தது. மறுநாள் பார்த்தால் பச்சைப் புள்ளி பழையபடி அவள் பெயருக்குப் பக்கத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அதே கூத்துதான். பஸ்ஸில், பில் கவுன்ட்டரில், குக்கர் விசிலுக்கு நடுவில் என்று அழுத்தி அழுத்தி விரலே தேய்ந்துபோனது. இன்றைக்கும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். 'ராம்குமார் உங்கள் இருப்பிடத்தைப் பார்க்கிறார்.' அவன் இடம் மட்டும் யாருக்கும் தெரியாதபடி மூடியிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி ரத்துசெய். மறுபடி பச்சைப் புள்ளி. போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. புதுசு வாங்கக் காசில்லை என்பதால் அடிக்கவில்லை.

உள் அறையில் நிலா வழக்கம்போலத் தனக்குத் தானே பேசிக்கொண்டு வரைந்துகொண்டிருந்தாள். கேள்வியும் அவளே, பதிலும் அவளே. நடுவில் ஒருதரம் இருமினாள்.

தாரணி, கூட வேலை பார்க்கும் சிந்துவைக் கூப்பிட்டாள். சிந்தாதிரிப்பேட்டைக்காரி. போன் விஷயத்தில் கெட்டி.

"இன்னாக்கா, இப்பதான பார்த்தோம்."

"சிந்து, இந்தச் சனியன் நிக்கவே மாட்டேங்குது. தினம் ரத்து பண்றேன், தினம் திரும்ப வருது."

"ஸ்க்ரீன்ல இன்னா கீது, அப்டியே படி."

தாரணி படித்தாள். கேள்வி. பிறகு ரத்துசெய். பிறகு சரி.

 மறுமுனையில் யாரோ வண்டி கிளப்புகிற சத்தம் கேட்டது.

"அக்கா, நீ எத அமுக்கினே?"

"ரத்துசெய்தான். வேற எத அமுக்குவாங்க?"

"அது கேன்சல் பட்டன்கா. என் போன்ல இங்கிலீஷ்ல வரும். ரத்து பண்ண வேணான்னா அத அமுக்கணும். நீ இத்தினி நாளா ரத்து பண்றதையே ரத்து பண்ணிக்கினு இருந்துகீற."

தாரணி அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்துசெய். அப்படியானால் ஒருநாள்கூட நிற்கவில்லை. வீடு பார்க்க வந்த நாளும், சாமான் ஏற்றிவந்த நாளும், நிலாவின் டியூஷனும், இந்தச் சந்தும், இந்த வாசல்படியும், எல்லாமே அவனுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தும் அவன் வரவில்லை, ஒரு போன்கூடப் பண்ணவில்லை.

"அக்கா? கேக்குதா? சரிய அமுக்கு, நின்னுடும். ஆனா நிறுத்தினா அந்தாளு போனுக்கு உடனே மெசேஜ் போவும். பரவால்லியா?"

"போகட்டும்," என்றாள் தாரணி. "நான் அப்பறம் பேசறேன்."

அப்போதுதான் கட்டிலில் கிடந்த துணியைப் பார்த்தாள். அள்ளிப் போட்டும் கலையாத மடிப்பு. பழைய நைட்டி, நிலாவின் பாவாடை, துண்டு, எல்லாமே ஒரே அளவுச் சதுரமாக இருந்தன. கரை வெளியே தெரியும்படி, ஓரங்கள் உள்ளே செருகியிருந்தன. ஜவுளிக்கடைக் கவுன்ட்டரில் புடவையை விரித்துக் காட்டிவிட்டு இரண்டே வீச்சில் மடித்துவைப்பார்களே, அந்த மடிப்பு. கங்கம்மாவுக்கு அது வராது. தாரணிக்கே வராது.

வாசல் வரைக்கும் வந்திருக்கிறான்.

போன் அதிர்ந்தது. ராம்குமார்.

'நிலா இருமுறா பாரு. ஜன்னல சாத்து.'

கேட்கிற தூரத்தில் இருக்கிறான். எழுந்து ஜன்னலுக்கு ஓடினாள். சந்தில் மழை. ஒரு ஆட்டோ, திரைத் துணி இறக்கிவிட்டு நின்றது. காப்பிக்கடை ஓரத்தில் குடை ஒன்று. குடைக்கடியில் யாரென்று தெரியவில்லை. ரயில் போனது. கம்பி அதிர்ந்தது. குடை நகரவில்லை.

ஜன்னலைச் சாத்தினாள். வாசல் கதவுக்குப் போனாள். மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். சாவியை இரண்டு சுற்று. நாற்காலியை இழுத்துக் கதவில் முட்டுக் கொடுத்தாள். மூச்சு விட்டாள். இனி அவன் உள்ளே வர முடியாது.

போலீசைக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? புருஷன் துணி மடித்து வைத்தான் என்றா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிந்து வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் இந்தப் புள்ளியும் கூடவே வரும். முதலில் இதைக் கொல்லவேண்டும். பிறகுதான் கிளம்பவேண்டும்.

போனை எடுத்தாள். பெட்டியை வரவைத்தாள். ரத்துசெய்யவா?

சரி.

பச்சைப் புள்ளி அணைந்தது. 'நீங்கள் யாருடனும் இருப்பிடத்தைப் பகிரவில்லை.'

உள் அறையில் மணி அடித்தது.

சின்னதாக. ஒரே ஒரு தடவை. அவள் போன் அவள் கையில் இருந்தது.

அவள் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். அங்கிருந்து உள் அறை தெரிந்தது. தரையில் குப்புறப் படுத்து நிலா வரைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு நேர் மேலே சுவரோடு சுவராகப் பரண். ஹவுஸ் ஓனரின் பழைய சாமான்கள் கிடக்கும் பரண். அதை மறைத்து, பழம்புடவை ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

தலையை நிமிர்த்தாமலே நிலா சொன்னாள்.

"அம்மா, அப்பாவுக்கு மெசேஜ் வந்திருக்கு."

புடவைக்குப் பின்னால் நீல வெளிச்சம். அந்த வெளிச்சத்தில், படுத்த வாக்கில் ஒரு முகத்தின் ஓரம். ஒரு கட்டைவிரலின் நிழல். மெதுவாக, நிதானமாக, எழுத்து எழுத்தாக, அது பதில் அடித்துக்கொண்டிருந்தது.