பத்தொன்பதாம் சுற்று

பின்னலில் பதினெட்டாம் சுற்றின் தொடக்கத்தைக் காட்ட அவள் மாட்டிவைத்திருந்த ஊக்கு, மூன்று சுற்று மேலே ஏறியிருந்தது.

இரவு முழுவதும் ஆஸ்பத்திரி வார்டில் நின்ற கால்களை நீட்டி, இழுத்து மூடிய திரைச்சீலையின் ஓரத்தில் கசிந்த மத்தியான வெளிச்சத்தில், மடியில் பாதி பின்னிய பொம்மை முயலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நுனி கொக்கியாக வளைந்த குரோஷே ஊசி வலது கையிலேயே இருந்தது. இடது கை விரலில் சுற்றிய சாம்பல் நிற உல்லன் நூலும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் ஊக்கைக் கழற்றி அடுத்த சுற்றில் மாட்ட வேண்டும். பின்னுகிற கைதான் அதைச் செய்ய வேண்டும்.

ஊசி நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. நோட்டில் அவள் எழுதியிருந்தபடி பத்தொன்பதாம் சுற்றிலிருந்து கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே போய், முயலுக்குக் கழுத்தைக் கொண்டுவர வேண்டும். முப்பத்தாறு கண்ணி முப்பதாக, முப்பது இருபத்து நான்காக. மடியில் இருந்தது குறையவில்லை. நாற்பத்திரண்டு. நாற்பத்தெட்டு. ஐம்பத்து நான்கு. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பை வாயை அகலத் திறந்து வைத்ததுபோல் இருந்தது.

தூக்கத்தில் கை குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிட்டிருக்கிறது. வேறென்ன?

பிரித்திருக்க வேண்டும். நூலைப் பிடித்து இழுத்தால் மூன்று சுற்றும் நொடியில் கையோடு வந்துவிடும். ஆனால் அவளுக்கு மனம் வரவில்லை. வேலை முடிந்து வந்து பார்க்கும்போது யாரோ பாத்திரத்தை எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு நன்றிதான் முதலில் வந்தது. பென்சிலை எடுத்து நோட்டில் பழைய எண்களை அடித்துவிட்டுப் புது எண்களை எழுதினாள். சொந்தமாக வடிவமைக்கிறவர்களுக்கு உள்ள சௌகரியம் அது. கணக்குக்குப் பின்னல் ஒத்து வராவிட்டால் பின்னலுக்கு ஏற்றபடி கணக்கை மாற்றிக்கொள்ளலாம். கேட்க ஆளில்லை.

நிமிர்ந்தபோது கட்டிலிலிருந்து மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கலையா சுண்டு?"

"நீ தூங்கினியே. நான் பாத்துட்டு இருந்தேன்."

"என்ன பாத்தே?"

"முயல் பெருசாச்சு."

சுண்டுக்கு நாலரை வயது. இரண்டு வாரத்துக்கு முன் அவளுடைய துணி முயல் பேருந்திலேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. கடையில் வாங்கிய முயலைக் கையில் கொடுத்தால் புரட்டிப் பார்த்துவிட்டு "இது அது இல்ல" என்று திருப்பித் தந்தாள். எந்தக் கடையிலும் இல்லாத முயலை நானே பின்னித் தருகிறேன் என்று அம்மா சொன்னாள். சுண்டு படம் வரைந்து கொடுத்தாள். நீளக் காது, பெரிய வயிறு, வாய் கிடையாது.

"வாய் எங்கடி?"

"வேணாம். வாய் இருந்தா சும்மா பேசிட்டே இருக்கும். சித்தி மாதிரி."

இந்த முயல் வந்தால் சுண்டு தூங்குவாள். சுண்டு தூங்கினால்தான் இரவெல்லாம் வார்டில் நிற்கும் அவள் பகலில் கண்ணை மூட முடியும். அவள் கேட்டது அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத் தூக்கம்.

அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு முறை கண்ணயர்ந்தாள். இரண்டு முறையும் விழித்ததும் நோட்டைத் திருத்தினாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு அவள் வீடு திரும்பியபோது, இரவில் சுண்டுக்குத் துணையாகப் படுக்கும் தங்கை வேலைக்குக் கிளம்பி ஒற்றைக் காலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். தங்கைக்கு ஒரு ஆயத்த ஆடைக் கடையில் வேலை.

"தூங்கினாளா?"

"எங்க? ஆந்தை மாதிரி முழிச்சு அந்தக் கூடையையே பாத்துட்டு இருக்கா. ஆமா, அது முயலா மூட்டையாக்கா?"

"முயல்தான். கொஞ்சம் சாப்பாட்டு ராமன்."

"சரிதான், வீட்டுக்கு ஏத்த முயல். ஆனா மேல் பாதியில உள்பக்கம் வெளிய இருக்கே. சட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி. எங்க கடைக்கு இப்படி வந்தா அன்னிக்கே திருப்பி அனுப்பிடுவோம்." இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டாள். "நீ முதல்ல தூங்குக்கா. மூஞ்சியைப் பாரு, வீங்கிப்போய் இருக்கு."

கதவு சாத்திய பிறகு அவள் பின்னலை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள்.

குரோஷே பின்னலுக்கு ஒரு முகமும் ஒரு முதுகும் உண்டு. பின்னுகிறவரைப் பார்த்திருக்கும் பக்கத்தில் கண்ணிகள் குருவிக் கால் தடம்போல் வரிசையாக நிற்கும். மறுபக்கம் குறுக்குக் கோடுகளாக இருக்கும். பொம்மையில் முகம் வெளியே இருக்க வேண்டும், முதுகு பஞ்சுப் பக்கம். முதல் பதினெட்டுச் சுற்றும் அப்படித்தான் இருந்தன. பத்தொன்பதிலிருந்து வெளியே குறுக்குக் கோடுகள். விரலை உள்ளே விட்டுத் தடவினாள். குருவிக் கால்கள் உள்ளே இருந்தன. நடுவில் பின்னலைத் திருப்பியிருந்தால் அந்த இடத்தில் சின்ன ஓட்டை தெரியும். ஓட்டை இல்லை. நூல் எங்கும் அறுபடவில்லை, முடிச்சும் இல்லை. கண்ணிகள் அவளுடையதைவிட இறுக்கமாக, ஒன்றுபோல் ஒன்று இருந்தன. கையெழுத்து மாதிரிதான் கை இறுக்கமும், ஆளுக்கு ஆள் வேறு.

இந்த முகம் உள்ளே இருக்கிறது. அப்படியானால் இதைப் பின்னியவர் இதற்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும்?

அந்த யோசனையை அவள் முடிக்கவில்லை. முடிக்கும் அளவுக்குத் தெம்பு இல்லை.

கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டாள். பஞ்சு இன்னும் வைக்கவில்லை, காலியாகத்தான் இருந்தது. ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் ஒருவர் எழுந்துபோன நாற்காலியில் உட்காரும்போது உறைக்குமே, அந்தச் சூடு. கையை வெளியே எடுத்து முகர்ந்தாள். புது உல்லன் வாசனைக்கு அடியில், அடைத்துக் கிடந்த அறையின் வாசனை.

ஊக்கைக் கழற்றி நூலை இழுத்தாள். இரண்டு கண்ணி பிரிந்தது. மூன்றாவதில் நூல் நின்றுவிட்டது. சிக்கு என்று நினைத்து மெல்லச் சுண்டினாள். நூல் திரும்பி உள்ளே போனது. விரற்கடை அளவு. வெடுக்கென்று இழுத்ததுபோலக்கூட இல்லை. சும்மா பிடித்துக்கொண்டதுபோல்.

"பிரிக்காதம்மா," என்றது கட்டிலிலிருந்து குரல். "இப்பத்தான் இடம் பத்துது."

அவள் முயலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி அலமாரியின் உச்சியில், பழைய பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினாள். அன்று பகல் சுண்டு தூங்கவில்லை. அடுத்த பகலும் தூங்கவில்லை. அழவும் இல்லை, அடம்பிடிக்கவும் இல்லை. மல்லாந்து படுத்து அலமாரியின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே தோல் கருத்துப்போயிருந்தது. பக்கத்தில் படுத்த அம்மா கண்ணை மூடும்போதெல்லாம் மேலே பிளாஸ்டிக் பை சரசரக்கும். விழித்துப் பார்த்தால் நின்றுவிடும்.

அன்றிரவு வார்டில் ஐந்தாம் படுக்கைக்காரருக்கான மருந்தை ஆறாம் படுக்கைக்காரரின் கைக்குக் கொண்டுபோனாள். ஊசி தோலைத் தொடும் நேரத்தில் தலைமை நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். திட்டவில்லை. வெளியே கூட்டிப்போய், தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இன்னைக்கு நான் பக்கத்துல இருந்தேன். நாளைக்கு?"

"தூங்கிட்டு வரேன் சிஸ்டர்."

"எப்படியாவது தூங்கும்மா. குழந்தையை யார்கிட்டயாவது விட்டுட்டுத் தூங்கு."

வீட்டுக்கு வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். கட்டில் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"இதைக் குடுத்தா தூங்குவியா?"

"தூங்குவேன்."

"சத்தியமா?"

"நீயும் தூங்கலாம்மா. நான் எழுப்ப மாட்டேன்."

பையின் முடிச்சு அவிழ்ந்திருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். பின்னலை மடியில் வைத்து, மீதி நூல் உருண்டைகள் எல்லாவற்றையும் காலடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். சுண்டு கட்டிலை விட்டு இறங்கி வந்து அவள் முழங்காலில் தலை வைத்துத் தரையில் உட்கார்ந்தாள். குழந்தையின் தலை கனமாக இருந்தது. நூல் விரலில் சுற்றியிருந்தது. ஊசி கையில் இருந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பத்தே நிமிடம் என்று நினைத்தாள். முழங்காலில் குழந்தையின் மூச்சு சீராகியதா, அதற்கு முன்பே தான் தூங்கிவிட்டோமா, அது அவளுக்குத் தெரியாது.

விழித்தபோது உடம்பு லேசாக இருந்தது.

முதல் பயம் அதுதான். கழுத்து வலிக்கவில்லை. கண் எரியவில்லை. திரைச்சீலையின் ஓரத்தில் வெளிச்சம் போயிருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு, யாரும் எழுப்பாமல், ஆழமாக, வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல் தூங்கியிருந்தாள்.

மடி காலி. முழங்காலில் தலை இல்லை.

நூல் உருண்டைகள் இல்லை. அவற்றைச் சுற்றியிருந்த காகிதப் பட்டைகள் மட்டும் தரையில் கிடந்தன. அவளுடைய குரோஷே ஊசி காலடியில் கிடந்தது.

எதிரே அது உட்கார்ந்திருந்தது. கழுத்து இல்லை. காது இல்லை. முகம் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய முட்டை, ஒரு குழந்தை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எவ்வளவு உயரம் இருக்குமோ அவ்வளவு. மேலே வாய் மூடியிருந்தது. கடைசி ஆறு கண்ணிகளையும் சேர்த்து இழுத்து முடித்த இடத்தில் தொப்புள்போல் ஒரு குழி. வெளியே நூலின் நுனி எங்கும் இல்லை.

அது ஏறியது. இறங்கியது.

ஏறியது.

"சுண்டு?"

"ம்ம்."

அந்தச் சத்தத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நிம்மதியில். ஒரு நொடி, உண்மையான நிம்மதி.

"வெளிய வாடா கண்ணு."

"இரும்மா. நீ இன்னும் கொஞ்சம் தூங்கு."

நூலைத் தடவினாள். சூடு. குழந்தையின் தூக்க வியர்வை வாசனை. அதற்கு அடியில், அடைத்துக் கிடந்த அறையின் வாசனை.

சீருடைப் பையில் கட்டு வெட்டும் கத்தரி இருந்தது. முனை மழுங்கியது, தோலைக் குத்தாது. எத்தனையோ பேரின் காயத்தின் மேல் ஓட்டியிருக்கிறாள். முனையைக் கண்ணிக்கு அடியில் நுழைத்தாள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று கண்ணி அறுந்தது. நான்கு. விரல் நுழையும் அளவுக்கு இடம். உள்ளே இருட்டு. வெதுவெதுப்பான காற்று அவள் முகத்தில் பட்டது.

"சுண்டு, கையை நீட்டு. அம்மா கையைப் பிடிச்சுக்கோ."



பிளவின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. வெளுப்பாக. மெல்லியதாக. நுனி கொக்கிபோல் வளைந்திருந்தது. வெளியே வந்து, அறுந்த நூலைத் தொட்டுப் பார்த்தது. ஊசி என்று நினைத்தாள்.

அதற்கு நகம் இருந்தது.

அது முதல் கண்ணியைக் கோத்து உள்ளே இழுத்தது. அவசரமில்லாமல். அடுத்த கண்ணி. இறுக்கமாக, ஒன்றுபோல் ஒன்று. பிளவு அரைவாசி மூடியது.

மூன்றாம் கண்ணியில் அது நின்றது. விலகி இடம் கொடுத்தது. அதன் பக்கத்தில் இன்னொரு விரல் வந்தது. சின்னது. நேற்று அவள் சுண்டுக்கு வெட்டிவிட்ட நகம். நூலைத் தேடியது, தவறவிட்டது, மறுபடி தேடியது. அதன் நுனி இப்போதுதான் வளையத் தொடங்கியிருந்தது.