தீபாவுக்கு முந்திப் பாடிய குரல்

தீபா வாய் திறப்பதற்கு முன்பே பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஹெட்போனில் ஆல்வினுக்கு அது தெளிவாகக் கேட்டது. மைக்கின் முன்னால் அவள் அப்போதுதான் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஆல்வின் டேப்பை நிறுத்தவில்லை.

நாகல் நகருக்குப் பின்னால் பூட்டிக்கிடந்த புகையிலைக் கிடங்கு அது. வெயிலில் காய்ந்த தகரக் கூரை நெளிந்து முனகிக்கொண்டே இருக்கும். சுவரில் ஊறிய புகையிலை நெடி தொண்டையில் இறங்கி, தண்ணீர் குடித்தாலும் போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். வாடகை குறைவு, ரோட்டுச் சத்தம் கிடையாது என்று ஆல்வின்தான் அதைப் பிடித்தான். திருவிழா மேடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் அடுத்தவர் பாட்டையே அச்சு அசலாக வாசித்து வாசித்து, சொந்த மெட்டுப் போட உட்கார்ந்தால் அவன் விரல்கள் ஏதாவது சினிமாப் பாட்டில் போய் விழுந்தன. மேடைகளும் குறைந்துவிட்டன. கன்னிவாடிப் பொன்னழகின் உறுமி, பேகம்பூர் ரஹ்மத்துல்லாவின் டோலக், மாதா கோயிலில் அவன் கற்ற ஆர்கன், மூன்றும் கலந்து, தீபாவின் குரலில் ஒரு ஆல்பம் போடுவது. அதுவும் வராவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவதென்று பேசியிருந்தார்கள்.

முதலில் ஒன்றுமே வரவில்லை. பிறகு ஒரு மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, ஹெட்போனுக்குள் யாரோ மெல்ல முனகினார்கள். ஆணா பெண்ணா தெரியவில்லை. அவன் விரல்கள் அதன் பின்னால் போயின. அவனுக்கே தெரியாத இடங்களுக்கெல்லாம் போயின. அன்று கீபோர்டின் மேல் தலைவைத்து ஆல்வின் அழுதான். அதன்பின் பாட்டுகள் தாமாக வந்தன. உறுமியும் டோலக்கும் மல்லுக்கட்டின, கொஞ்சின. "ஏலே ஆல்வின், இம்புட்டு நாளா இத எங்கலே வச்சிருந்த?" என்று பொன்னழகு அவனைக் கட்டிக்கொண்டான்.

அந்த முனகலைப் பற்றி ஆல்வின் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது தீபா பாதியில் நிறுத்தினாள். "அண்ணே, பக்கத்துல நின்னு யாரோ பாடுறாங்க. எனக்கு முன்னாடியே பாடுறாங்க."

"எக்கோம்மா. தகரக் கூரைல பட்டு வருது."

"எக்கோ பின்னாடிதானண்ணே வரும்?"

ரஹ்மத்துல்லா டோலக்கைக் கீழே வைத்தான். "மாப்ள, புள்ள பயப்படுது. நாளைக்கு எடுப்போம்."

"இந்த ஒரு பாட்டுதான்டா பாக்கி! இது போனா திரும்ப வராது." தன் குரல் கெஞ்சுவது ஆல்வினுக்கே கேட்டது. "தீபா, ஒரே ஒரு தடவைம்மா. அண்ணனுக்காக."

அவள் கதவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மைக்கின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாட்டு எழுந்தது. இதுவரை எடுத்த எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது. சரணம் உச்சியைத் தொடும்போது கரண்ட் போனது. பொழுது சாய்ந்திருந்தது, கதவிடுக்கில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. டேப் நின்றது. ஆனாலும் ஹெட்போனில் குரல் கேட்டது.

கழற்றினான். அப்போதும் கேட்டது.

"தீபா, போதும்மா. கரண்ட் போச்சு."

அவள் திரும்பவில்லை. தோள்கள் குலுங்கின. கிட்டே போய்த் தொட்டான். பனிக்கட்டிபோல் இருந்தது.

திரும்பினாள்.

வாய் திறந்திருந்தது. தாடை இறங்கக்கூடிய அளவுக்கும் கீழே இறங்கியிருந்தது. அவள் கத்திக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. கண்ணீர் ஓடியது. சத்தமே இல்லை. துளி சத்தம் இல்லை.

அவளுடைய குரல் கூரைக்கடியில் பாடிக்கொண்டிருந்தது. சந்தோஷமாக.

"மாப்ள, தூக்குடா!" என்று ஆல்வின் திரும்பினான். ரஹ்மத்துல்லாவின் கைகள் டோலக்கில் இருந்தன. பொன்னழகு உறுமியைக் குச்சியால் தேய்த்துக்கொண்டிருந்தான். இருவர் கண்களும் மூடியிருந்தன. கைகளின் தோல் உரிந்து ரத்தம் வாத்தியங்களின்மேல் தெறித்தது. இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தீபா அவன் சட்டையைப் பிடித்தாள். கதவைக் காட்டினாள்.

கதவு பக்கத்தில்தான் இருந்தது. ஓடிவிடலாம். அவளை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம்.

மெட்டு ஒரு இடத்தில் தயங்கி நின்றது. அவனுக்காக.

அடுத்த ஸ்வரம் என்னவென்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆல்வின் அவள் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து பிரித்தான். அவள் தரையில் சரிந்தாள். போய் உட்கார்ந்தான். உயிரில்லாத கீபோர்டில் கை வைத்தான்.

கிடங்கு அதிர ஆர்கன் முழங்கியது. தரையில் விழுந்து கிடந்த தீபாவின் வாய் இன்னும் திறந்துகொண்டே போனது.