வெறுங்காலோடு போனவன்

"போஸ்டரைக் கிழிச்சிட்டியாமே! எவ்ளோ திமிருடி உனக்கு?"

காலை ஏழு மணிக்கே மாமியார் மணியம்மை ஆரம்பித்துவிட்டாள். அனுராதா அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. அந்தப் போஸ்டரை எப்படிக் கிழிக்காமல் இருப்பது? செத்துப்போன தன் புருஷன் ஆனந்தன் கிதாரோடு சிரிக்கிறான், பக்கத்திலேயே ஆள் உயரத்துக்கு ஒரு பிராந்தி பாட்டில்! 'குடித்தே மறைந்த கலைஞனுக்குப் பத்தாம் ஆண்டு அஞ்சலி. தணிகை தண்டர்ஸ் ராக் இசைக்குழு.' அதைத் தன் வீட்டுச் சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள்.

"வாயத் தொறக்கறாளா பாரு! உன் நச்சரிப்பு தாங்காமதானே எம்புள்ள குடிச்சிட்டு வண்டிய ஓட்டினான்… முழுங்கிட்டியேடி அவன!"

பத்து வருடமாக இதே பேச்சு. அனுராதா பதில் சொன்னதே இல்லை. அவள் கல் என்று தெருவே முடிவு கட்டியிருந்தது.

கார் வந்து நின்றது. கொழுந்தன் குணசேகரன் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினான். அண்ணன் இருந்தவரை பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் தட்டியவன், இன்று குழுவுக்கே தலைவன். ஆனந்தன் உயிரோடிருந்தபோது பள்ளிப்பட்டு தாண்டிப் போகாத பாட்டுகள், அவன் செத்த பிறகு பெங்களூர் வரைக்கும் போயின. 'குடித்தே செத்தான்' என்ற கதைதான் கேசட்டை விற்றது. அந்தக் கதையைப் பத்திரிகைக்குச் சொன்னவன் குணசேகரன்.

"அண்ணி, போஸ்டர் போனா போவுது. சாயங்காலம் பார்கவிய மேடைக்கு அனுப்புங்க. வருசா வருசம் ரசிகருங்க அண்ணன் போட்டோ முன்னால ஒரு கிளாஸ் ஊத்துவாங்க இல்ல? இந்த வருசம் பொண்ணு கையால ஊத்தினா… டிவிக்காரங்க வந்துகினு இருக்காங்க."

பதினோரு வயதுப் பார்கவி பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அம்மா… கிளாஸ்ல எல்லாம் என்ன குடிகாரன் பொண்ணுன்றாங்க. நைனா நெஜமாவே குடிப்பாராம்மா?"

அனுராதா அடுப்பை அணைத்தாள். தன்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று இருந்தாளே, இப்போது மகள் கையிலேயே பாட்டிலைக் கொடுக்கிறான்!

"வர்றோம் குணா," என்றாள் அமைதியாக. "நானும் வர்றேன்."

அவன் போனதும் பரண்மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த துணிமூட்டை அப்படியே இருந்தது. அதற்குள் ஒரு துளசிமணி மாலை, ஒற்றைக் கான்வாஸ் ஷூ.

ஆனந்தன் செத்த அந்த ஆடியில் கைக்குழந்தை பார்கவிக்குக் கடும் காய்ச்சல். தேறினால் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக ஆனந்தன் வேண்டிக்கொண்டான். தேறிய அன்றே தணிகை மலைக்குப் போய் மாலை போட்டுக்கொண்டான். மணியம்மை அப்போது ஆர்.கே.பேட்டையில் தம்பி வீட்டில் இருந்ததால் அவளுக்குத் தெரியாது. மாலை போட்டவன் குடிப்பானா? காலில் செருப்பு மாட்டுவானா? சட்டைக்குள் மாலையை மறைத்துக்கொண்டு, வெறுங்காலோடுதான் பள்ளிப்பட்டுக் கச்சேரிக்குப் போனான்.

திரும்பும்போது வேன் புளியமரத்தில் மோதியது. குழுவில் மற்றவர்கள் பஸ்ஸில் போய்விட்டார்கள். வேனில் அண்ணனும் தம்பியும் மட்டும். பிரேக் மிதிக்கு அடியில் சிக்கியிருந்த இந்த ஷூவை, செத்தவனுடையது என்று நினைத்துப் போலீஸ்காரர் அவன் துணியோடு சேர்த்துக் கொடுத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் குணசேகரன் அவள் காலைக் கட்டிக்கொண்டு கதறினான். 'நான்தான் ஓட்டினேன் அண்ணி… போதையில தூங்கிட்டேன். அண்ணன் ஓட்டினதா போலீஸ்ல சொல்லிட்டேன். அம்மாவுக்கு இனிமே நான் ஒருத்தன்தான்…' அவள் தலையசைத்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். தான் குடித்த குடியையும் அவன் அண்ணன் தலையில் கட்டி, அதை விற்கவும் விற்பான் என்று அன்றைக்குத் தெரியவில்லை!

சாயங்காலம் மலையடிவார மைதானத்தில் அரக்கோணம் ரயிலில் வந்த கூட்டமே பாதி. முன் வரிசையில் மணியம்மை. குணசேகரன் மைக்கில் தழுதழுத்தான்.

"எங்கண்ணன் குடிச்ச அந்தக் கடைசி கிளாஸ… இன்னிக்கி அவர் பொண்ணு ஊத்தப் போறா!"

அனுராதா மகளை முந்திக்கொண்டு மேடை ஏறினாள். கிளாஸைக் கவிழ்த்தாள். அந்த இடத்தில் மாலையை வைத்தாள், பக்கத்தில் ஷூவை வைத்தாள். மைக்கைப் பிடித்தாள்.

"எம்புருசன் செத்தப்போ கழுத்துல இருந்தது இந்த மாலை. மாலை போட்டவர் கால்ல ஷூ ஏது? பிரேக்குல மாட்டிகினு இருந்த இந்த ஷூ யாரோடது குணா?"

"அண்ணி, கீழ எறங்குங்க…" அவன் மைக்கைப் பிடுங்க வந்தான்.

"அத்தை, நீங்க வந்து பாருங்க!"

மணியம்மை தட்டுத்தடுமாறி ஏறினாள். ஷூவைக் கையிலெடுத்தாள். கட்டைவிரல் பக்கம் கிழிந்து, கோணி ஊசியால் சிவப்பு நூல் போட்டுத் தைத்திருந்தது. அவள் விரல் அந்தத் தையலிலேயே நின்றது.

"ஐயோ… இது நான் தைச்சதாச்சே! குணாவுக்குத் தைச்சதாச்சே!"

அடுத்த நிமிடம் குணசேகரன் கன்னத்தில் அறை விழுந்தது. மைக்கில் அது மைதானம் முழுக்கக் கேட்டது.

"சொல்றா… யார்ரா ஓட்டினது?"

"நான்தாம்மா," என்று அவன் உட்கார்ந்துவிட்டான்.

மணியம்மை மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஏன்டி சொல்லல? நான் அவ்ளோ திட்டினேனே… ஒரு தபா சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஒரு புள்ளய எரிச்சிட்டு வந்த வயிறு அத்தை… இன்னொருத்தனும் ஜெயிலுக்குப் போனா நீங்க தாங்குவீங்களா?" அனுராதாவும் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள்.

"மன்னிச்சிடுங்க அண்ணி…"

அனுராதாவின் அழுகை நின்றது. "மன்னிப்பெல்லாம் கேக்காத, எங்கிட்ட இல்ல. பாட்டு அவரோடது, அது சாவக்கூடாது. நீ பாடு. ஆனா எந்த ஊர்ல மேடை ஏறினாலும், மொதப் பாட்டுக்கு முன்னால ஷூவக் கழட்டி வெச்சிட்டு, இப்ப ஒத்துகினத முழுசா சொல்லணும். ஆயுசுக்கும்."

போலீசுக்குப் போகச் சொல்லி நாலு பேர் வந்தார்கள். அவள் போகவில்லை. ஜெயில் என்றால் இரண்டு வருடத்தில் வெளியே வந்துவிடுவான், இதிலிருந்து எப்படி வருவான்?

ஆறு மாதம் கழித்து அரக்கோணத்தில் கச்சேரி. பிராந்தி போஸ்டர் எங்கேயும் இல்லை. குழுவில் மற்ற எல்லோரும் வெறுங்காலோடு நின்றார்கள். முன் வரிசையில் மாமியார், மருமகள், நடுவில் பார்கவி. குணசேகரன் ஷூவைக் கழற்றினான். தலையைக் குனிந்துகொண்டு, சொல்ல வேண்டியதை வேகவேகமாக முணுமுணுத்துவிட்டுக் கிதாரை எடுத்தான்.

அனுராதா எழுந்து நின்றாள்.

"கேக்கல குணா. இன்னொரு தபா சொல்லு."

அவன் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வண்டிய ஓட்டினது நான். குடிச்சிருந்ததும் நான். எங்கண்ணன் ஆனந்தன்… அன்னிக்கி மாலை போட்டிருந்தார்."

பார்கவி கை தட்டினாள். அனுராதா புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"ஆங்… இப்ப பாடு."