வெள்ளைத் திட்டுகள்

காலையில் எழுந்ததும் அமராவதி நகம் வெட்டிக்கொண்டாள். வெட்டிய துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, சீப்பில் சிக்கியிருந்த முடியோடு சேர்த்து ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். எதிர்ப்பட்டவர்கள் கையிலும் கிண்ணம் இருந்தது. ஒருவர் வாழைப்பழத் தோல் கொண்டுவந்தார். ஒருத்தி தன் பிள்ளைக்கு விழுந்த பல்லை. எல்லோரும் குளக்கரையில் இருந்த மீட்பியின்முன் வரிசையாக நின்றார்கள். மீட்பி என்பது போட்டதையெல்லாம் அணு அணுவாகப் பிரித்து உரமாக, நீராக, துணியாகத் திருப்பித் தருகிற எந்திரம். செவ்வாய்க் கிரகத்தில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வாழ்கிற ஊர் அது. கூரைக்கு வெளியே வெறும் புழுதியும் சாவும்தான். ‘தூக்கிப் போடு’ என்று சொன்னால் எங்கே போடுவது என்று கேட்பார்கள்.

ஊரின் பெயர் புதுநெடுங்குளம். அமராவதி அதன் ஊர்நலச் சங்கத்துக்குத் தலைவி. நிலத்தடிப் பனியை வெட்டி உருக்கி அந்தக் குளத்தை நிரப்பியது சங்கம்தான். மாடு, கோலம், டீக்கடை, கோயில் கொடை என்று பாட்டன்மார் பூமியில் விட்டுவந்த கிராமத்தை இம்மி பிசகாமல் இங்கே நட்டு வளர்த்ததும் சங்கம்தான். இப்போது அந்தக் குளத்துக்கு ஆபத்து வந்திருந்தது. துளை எந்திரங்களைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும் என்று சுரங்க நிர்வாகம் கண் வைத்துவிட்டது. தப்பிக்க ஒரே வழி, பூமியின் மரபாணையம் தரும் ‘மரபுக் கிராமம்’ என்ற சான்று. அது இருந்தால் ஊரில் ஒரு சொட்டை யாரும் தொட முடியாது. இல்லாவிட்டால் அடுத்த மாதமே குழாய் போட்டு உறிஞ்சிவிடுவார்கள்.

சான்று தர வந்த ஆய்வாளர் துரைசிங்கம் மெலிந்த மனிதர், பூமிக்காரர். அவர் கையில் ஒப்புநோக்கி இருந்தது. பார்க்கும் இடத்தைப் பழைய பூமிக் கிராமங்களின் படங்களோடு ஒத்துப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை காட்டும். மாட்டுக்குப் பச்சை. கோலத்துக்குப் பச்சை. டீக்கடையில் இரண்டு பேர் அரசியல் பேசி அடித்துக்கொள்ளப் போனார்கள்; அதற்கும் பச்சை. அமராவதிக்குப் பெருமை தாங்கவில்லை.

குளக்கரைக்கு வந்ததும் கருவி சிவப்பாகி அலறியது.

துரைசிங்கம் தட்டிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார். பிறகு சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

“மேடம், எல்லாம் சரியா செஞ்சிருக்கீங்க. ஆனா கரையில குப்பையே இல்லையே!”

“என்ன இல்ல?”

அவர் படங்களைக் காட்டினார். அமராவதிக்கு எல்லாம் தெரிந்த படங்கள். ஊரைக் கட்டும்போது சங்கம் பார்த்துப் பார்த்துப் பின்பற்றியவை. கரையிலும் தண்ணீரிலும் வெள்ளை வெள்ளையாக, நீல நீலமாகத் திட்டுகள் இருந்தன.

“இதுவா? இது படம் பழுதானதுல்லா? நாங்க ஒக்காந்து ஒவ்வொண்ணா அழிச்சோமே!”

“பழுது இல்லைங்க. பிளாஸ்டிக் பை, பாட்டில், டீக் கப். குளத்துல போட்டிருக்காங்க.”

“யாரு? வேத்தூருக்காரனுவளா? பகையா?”

“இல்லைங்க. அந்த ஊர்க்காரங்களேதான்.”

அமராவதி கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சொந்தக் குளத்தில், குடிக்கிற தண்ணீரில், தன் கையாலேயே. அவளால் நம்பவே முடியவில்லை.

“எதுக்குப் போட்டாங்க?” என்று கடைசியில் கேட்டாள்.

“எதுக்குன்னு யாரும் சொல்லிட்டுப் போகலை, மேடம்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை வர்றேன். அதுக்குள்ள பாருங்க.”

அன்று சங்கக் கூட்டத்தில் கூச்சல் கூரையைத் தொட்டது. “நம்ம பாட்டன் பூட்டன இப்படிக் கேவலப்படுத்துதானே அந்த ஆளு!” என்று குதித்தான் செயலாளர் பொற்செழியன். அவன் அமராவதியின் கொழுந்தன், கோபக்காரன்.

“குதிக்காதல. குளம் வேணுமா, வேண்டாமா?” என்று கேட்டாள் அமராவதி. கூட்டம் அடங்கியது.

பைகளும் கோப்பைகளும் செய்து தரும்படி மீட்பியிடம் கேட்டார்கள். ‘என்ன பயன்?’ என்று அது கேட்டது. ‘விழாவுக்கு’ என்று பொய் சொல்லி வாங்கினார்கள். கீழே விழுவதை அந்தக் கணமே எடுத்துவிடும் துப்புரவன் என்ற எந்திரனை அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

ஆனால் போட வேண்டுமே! வரிசையாக நின்றார்கள், கையை நீட்டினார்கள், விரல் விரியவில்லை. கடைசியில் அமராவதி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு கோப்பையைக் குளத்தில் விட்டாள். ஊரே ‘ஐயோ’ என்றது. துப்புரவன் அறைக்கதவை உள்ளிருந்து இடித்தான். பொற்செழியன் அழுதேவிட்டான். மறுநாளும் பழகினார்கள். அதற்கு மறுநாள் கண்ணைத் திறந்துகொண்டே போட முடிந்தது. அப்புறம் அழுகை வரவில்லை.

துரைசிங்கம் திரும்பி வந்தபோது கருவி பளிச்சென்று பச்சை காட்டியது. சான்று கிடைத்தது. சுரங்க நிர்வாகம் குழாய்களைச் சுருட்டிக்கொண்டு போனது. ஊரே கூடி விருந்து சாப்பிட்டது. “நாளைக்கே சுத்தம் பண்ணிருவோம்” என்றாள் அமராவதி. எல்லோரும் தலையாட்டினார்கள். சாப்பிட்ட தட்டுகள் கரையிலேயே கிடந்தன.

அந்த ‘நாளை’ வரவே இல்லை. துப்புரவனைத் திறந்துவிட்டபின் நிலைமை இன்னும் மோசமானது. அவன் எடுத்துக்கொள்வான் என்று ஆளாளுக்குப் போட்டார்கள். எடுத்துச் சலித்து அவன் கைமூட்டு தேய்ந்து நின்றுவிட்டான். மீட்பியின் முன்னால் வரிசை காணாமல் போயிற்று. தண்ணீரில் ஒரு வாடை வந்தது. பொறுக்க மாட்டாமல் அமராவதி ஊரைக் குளக்கரைக்குக் கூப்பிட்டாள். வழியில் டீக்கடையில் ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டே விறுவிறுவென்று வந்தாள். கரைமேட்டில் ஏறிக் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பிப் பிடிபிடியென்று பிடித்தாள்.

“வெக்கமா இல்ல? நாம என்ன மிருகமா? எந்தக் கை இனிமே இந்தக் குளத்துல போடுதோ, அந்தக் கைய…” என்று இரண்டு கைகளையும் ஓங்கினாள்.

பொற்செழியன் அவளுக்குப் பின்னால் இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னல பாக்க?”

“மைனி… உங்க டீக் கப்பு எங்க?”

அமராவதி தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் காலியாக இருந்தன. திரும்பினாள். கரையோரம், மற்றவற்றோடு மற்றொன்றாக, அவள் கோப்பை மிதந்துகொண்டிருந்தது. அடியில் இன்னும் ஒரு வாய் டீ இருந்தது.

“நான் போடலயே” என்றாள். பொய் சொல்லவில்லை. எப்போது போட்டோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். நினைவே வரவில்லை. எதற்கென்று அந்தப் பழைய ஊர்க்காரர்கள் ஏன் சொல்லிவிட்டுப் போகவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.