நாற்பது அடி நகர்ந்த கோயில்

"வெள்ளிக்கெழமைக்குள்ள வீட்டக் காலி பண்ணணுமாம், ஐயா. இடிக்கப் போறாங்களாம்."

உடப்புசல்லாவையில் நஸாரின் துணிக்கடையில் நின்று காளியாயி அழுதாள். தேயிலைக் கொழுந்து பறிப்பவள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் கடைசி அறை அவளுடையது. உள்ளே பிள்ளை பெற்று ஒன்பது நாளான மகள். புதிதாக அளந்ததில் அந்த அறை பக்கத்துத் தோட்டத்துக்குள் போய்விட்டதாம்.

"வேற லயத்துல எடமில்ல. இந்தியாவுக்குப் போன்னா, அங்க எனக்கு யாரு இருக்கா?"

நில அளவை அலுவலகமான கந்தோரில் படம் வரைந்து ஓய்வுபெற்று, அன்று கடையில் உட்கார்ந்திருந்த முத்துலிங்கம், அவள் கொண்டுவந்த தோட்டத்தின் பழைய படத்தையும் புதுப் படத்தையும் விரித்தார்.

"பக்கத்துத் தோட்டத்த மேய்க்கிற கண்டாக்கு வேலியத் தள்ளிட்டான், அண்ணே!" என்று துள்ளினான் நஸார்.

"வேலியத் தள்ளலாம். கோயிலையும் பாலத்தையுமா தள்ளுவான்? புதுப் படத்துல எல்லாமே கெழக்க நாப்பது அடி போயிருக்கு, பாரு."

"அப்ப?"

"நாட்டுல ஒவ்வொரு எடத்துக்கும் உள்ள தூர எண், பீதுருதலாகலை மலை உச்சியில இருந்து எண்ணினது. அந்த எண்ணுக்கு அடையாளமாத்தான் தோட்டத்துக்குத் தோட்டம் அளவைக் கல்லு நட்டிருக்கோம். கோயில் நகரல. அளக்க ஆரம்பிச்ச கல்லுதான் மேற்க நகர்ந்திருக்கு. அது மேற்க போனா, படத்துல மத்த எல்லாம் அதே அளவு கெழக்க போகும்."

மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனார்கள். சவுக்கு மரத்தடியில் அந்தக் கல். உச்சியில் வெட்டிய முக்கோணமும் புள்ளியும்; சாமிக்குப் போல மஞ்சள், குங்குமம், பூமாலை. முத்துலிங்கம் குடை நுனியால் அடிமண்ணைக் கிளறினார். கல்லில் மண்ணுக்குள் புதைந்த பகுதியிலும் மஞ்சள்.

"புதைஞ்ச எடத்துல யாரும் மஞ்ச பூச முடியாது. வெளிய எடுத்துக் குளிப்பாட்டித்தான் நட்டிருக்காங்க."

காளியாயி கையெடுத்துக் கும்பிட்டாள். "முக்கோணத்துக்குள்ள கண்ணு வச்ச சாமி, காவாய்த் தண்ணியில கெடந்துச்சுங்க... போன திருவிழாவுல நான்தான் தூக்கியாந்தேன். சொன்னா ஜெயிலு, சொல்லாட்டித் தெருவு. என்ன செய்வேன்?"

"எந்தக் காவாய்?"

அவள் காட்டிய காவாயில், கல்லிலிருந்து கிழக்கே நாற்பது அடி எண்ணி நஸார் தோண்டினான். இடுப்பளவு குழியில், அதே முக்கோணம் வெட்டிய இன்னொரு கல் தட்டுப்பட்டது.

"மேல்கல்லு போனா சாட்சிக்குன்னு அடியில ஒண்ணு புதைப்போம்" என்றார் முத்துலிங்கம்.

முத்துலிங்கம் அழைத்துவந்திருந்த, புதுப் படத்துக்கு அளந்த சர்வேயர் கணேசமூர்த்தி குழியைப் பார்த்தார். பிறகு காளியாயியின் மஞ்சள் படிந்த விரல்களைப் பார்த்தார்.

"அடிக்கல்லைப் பாராமல் அளந்தது என்ர பிழை. பெரிசாக்கினால் ரெண்டு பேரும் மாட்டுவம். கல்லை இங்கேயே நடுங்கோ. நான் திரும்ப அளக்கிறன்."

வெள்ளிக்கிழமை வீடு இடிபடவில்லை. கல் பழையபடி காவாயில் நின்றது. அதற்கு மேல் நான்கு கம்பு, ஒரு தகரம்.

"நகர்த்தலைங்க, ஐயா" என்றாள் காளியாயி. "நனையாமத்தான் பாத்துக்கிறேன்."