திருவிருந்துக்குப் போகாதவள்

"ஏட்டி பிலிஸு, இன்னைக்காவது பலிபீடத்துக்கு வருவியா, மாட்டியா?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில், மாமியார் ஞானப்பூ சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு கேட்டாள். பிலிஸ் பாலை இறக்கும் சாக்கில் திரும்பிக்கொண்டாள். நெஞ்சுக்குள் முட்டிய இருமலை முந்தானையால் பொத்தி விழுங்கினாள்.

வெளிமாநில ராணுவ ஊரான தேஹு ரோட்டின் தமிழ்ச் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. ஒரே வெள்ளிப் பாத்திரத்தில் திராட்சரசம். போதகர் ஐயர் விளிம்பைத் துடைத்துத் துடைத்து, முழங்காலில் நிற்கும் வரிசைக்கு ஒவ்வொருவராகக் கொடுப்பார். அதற்குப் போகாமல் ஒருத்தி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம்? ஒன்று, மனதில் பாவம். இல்லையென்றால் வீட்டில் தீராத சண்டை. பிலிஸ் மூன்று மாதமாக உட்கார்ந்திருக்கிறாள். மாமியார் உள்ள வீட்டில் சண்டை யாரோடு என்று கண்டுபிடிக்கச் சபைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"கோயில்ல ஒவ்வொருத்தியும் என்னைப் பாக்குத பார்வை... நான் உன்னைக் கொடுமைப்படுத்துதேன்னுல்லா நினைக்காளுவ!"

ராணுவ டிப்போவில் கிளார்க்கான கணவன் எட்மண்ட், கன்னத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்றான். அவன் கத்தவில்லை. அதுதான் அவளுக்கு அதிக பயமாக இருந்தது.

"சனிக்கிழமைதோறும் சபை மாதர் சங்கத்துப் பெண்களோட ஏரவாடா குடிசைகளுக்கு ஊழியத்துக்குப் போறேன்னு லோக்கல் ரயில் ஏறினியே, அவங்க போறதை நிறுத்தி ஆறு மாசம் ஆச்சாம்! நீ எங்கே போனே பிலிஸ்? இப்ப சமையலறையில தனியாப் படுக்கிறே. அலினாவை மடியில கூட வைக்கிறதில்ல. அப்படி என்ன மறைக்கிறே?"

சொல்லிவிடலாம்தான். சொன்னால்? வீட்டுக்குள் நோயைக் கொண்டுவந்தவள் என்பார்கள். தாய்வீட்டுக்கு ரயிலேற்றிவிடுவார்கள். ஆறு வயது மகள் அலினாவை இனிமேல் எப்போது பார்ப்பது?

அப்போது ஞானப்பூ ஒரு காரியம் செய்தாள். எழுபது வயதுக் கிழவி, மருமகளுக்கு முன்னால் இரண்டு கையையும் கூப்பினாள்.

"நான் என்ன செஞ்சேன்னு தெரியலட்டி. எதுவா இருந்தாலும் மன்னிச்சிரு. என்னால நீ ஆண்டவரோட பந்தியை விட்டு விலகாத..."

"ஐயோ அத்தை! கிட்ட வராதீங்க!"

அலறலோடு இருமலும் வெடித்தது. சுவரில் சாய்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்டினாள் பிலிஸ்.

"ஏரவாடாக் குடிசையில பவுன்னு ஒரு சித்தாளு, அத்தை. யாருமில்லாதவ. அவளுக்கு டி.பி.ன்னு தெரிஞ்சதும் சங்கத்துல எல்லாரும் பயந்து நின்னுட்டாங்க. என்னால விட முடியல, தனியாப் போனேன். தலை வாரி, உடம்பு துடைச்சு, கஞ்சி குடுத்து... நான் பாடினா கண்ணை மூடிட்டுச் சிரிப்பா. எந்தக் கிறிஸ்மஸுக்கும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்ல அத்தை! திரும்பி வரும்போது லோக்கல்ல நின்னுக்கிட்டே ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு சொல்லிட்டு வருவேன். மூணு மாசம் முன்னால அவ செத்துட்டா. அப்புறம் எனக்கு இருமல்... எனக்கும் அதுதான்னா, அந்தப் பாத்திரத்துல எப்படி வாய் வைப்பேன்? எனக்கு அடுத்து முழங்கால் போடுறது நீங்கதானே!"

ஞானப்பூவின் கூப்பிய கைகள் அப்படியே நின்றன.

"டாக்டர்கிட்டப் போனியா?" என்றான் எட்மண்ட்.

"இல்லைங்க... ஆமான்னு சொல்லிட்டா?"

அவன் நுரையைத் துடைத்தான். "நாளைக்கு லீவு போடுறேன். சேர்ந்து போவோம். உன்னைச் சந்தேகப்பட்டேனே... என்னை மன்னிச்சிடு."

"பாவி மவளே!" ஞானப்பூ ஓவென்று அழுதாள். "மூணு மாசமாத் தனியாக் கெடந்து சாவுதியே, எங்கிட்டச் சொல்லக் கூடாதா? நான் என்ன அவ்வளவு பொல்லாதவளா?" பிலிஸ் விலக விலக, விடாமல் இழுத்து அணைத்துக்கொண்டாள். "சும்மா நில்லுட்டி! ஆறு புள்ள பெத்தவளை உன் இருமல் என்ன செஞ்சிரும்?"

அன்று கோயிலில், எட்மண்ட் அலினாவோடு முன்னால் உட்கார்ந்தான். பிலிஸ் வாசலோரக் கடைசி பெஞ்சில், வாயில் கைக்குட்டையோடு இருந்தாள். வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். திடப்படுத்தல் எடுத்துப் பந்தியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு திருவிருந்தையும் விடாத ஞானப்பூ, மருமகளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையிலிருந்து ஒருத்தி வரச்சொல்லிக் கை காட்டினாள்.

ஞானப்பூவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. "நீங்க போங்கம்மா. என் மருமக எழும்புத அன்னைக்குத்தான் நானும் எழும்புவேன்!"

பாடகர் குழு நன்றிப் பாட்டைத் தொடங்கியது. நாளைய எக்ஸ்-ரேயை நினைத்தால் பிலிஸுக்கு இன்னும் பயம்தான். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. மாமியாரின் பிடியிலிருந்து கையை எடுக்காமல், முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, அவளும் பாட ஆரம்பித்தாள்.