மூடியின் மேல் உட்கார்ந்தவன்

பேருந்து நின்ற இடத்தில் ஒரு நிழற்குடைகூட இல்லை. தோமோயே இறங்கியதும் அது மூடுபனிக்குள் போய் மறைந்தது. நண்பகல் தாண்டிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. ஆனால் அழுக்குத் துணியில் வடிகட்டியது போலத்தான் வெளிச்சம் இருந்தது. ஆற்றோரச் சதுப்பிலிருந்து நாணல் அழுகும் வாடை வந்தது. அவள் கழுத்துத் துண்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள்.

தோளில் தொங்கிய பையில் ஒரு சின்ன மர டப்பா இருந்தது. அதில் வீட்டு மிசோ. சோயாவை வேகவைத்து, மசித்து, உப்புப் போட்டுப் புளிக்கவைத்த அந்தச் செம்பழுப்பு விழுதுதான் நான்கு தலைமுறையாக அவர்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது. யமகாத்தா மலைப்பக்கத்தில் சுகவா கடை மிசோ என்றால் கேள்வி கேட்காமல் வாங்குவார்கள்.

கடையைத் தொடங்கியவர் கொள்ளுத்தாத்தா கென்ஸோ. சாலை வரியை எதிர்த்து ஊர் விவசாயிகளைத் திரட்டியதற்காகப் பிடிபட்டு, இந்த வடக்குத் தீவான ஹொக்கைடோவில் சிறையிருந்தவர். விடுதலையாகி வரும்போது சிறைக் கிடங்கிலிருந்து கொஞ்சம் உறை மிசோ கொண்டுவந்தார். அந்த உறையைத்தான் இன்றும் ஒவ்வொரு ஆண்டும் புதிய பீப்பாய்க்கு இடுகிறார்கள். இது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். வரும் வசந்தத்தில் கடைக்கு ஆண்டு விழா. "தாத்தா இருந்த இடத்தை ஒரு போட்டோ எடுத்துட்டு வா, கதையையும் கேட்டுட்டு வா. பெரிசா மாட்டி வைப்போம்" என்று அண்ணன் கிஞ்சிதான் அவளை அனுப்பியிருந்தான்.

சிறை இடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. மிசோ கிடங்கு மட்டும் நின்றது. அதன் சாவி பக்கத்து நூடுல்ஸ் கடைக்கார அம்மாளிடம் இருப்பதாக ஊர் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

ஷிமாயே என்ற அந்த அம்மாளுக்கு அறுபதைத் தாண்டிய வயது, பருத்த கைகள், ஓயாத வாய். கடையில் வேறு ஆளில்லை.

"உட்காரும்மா. பார்த்தா தெக்கத்திக்காரி மாதிரி இருக்கே?"

"யமகாத்தாங்க. எங்க கொள்ளுத்தாத்தா இங்க ஜெயில்ல இருந்தார். கிடங்கைப் பார்க்கலாம்னு வந்தேன்."

"அட! நீயும் தாத்தாவைத் தேடி வந்தவளா?" ஷிமாயே சிரித்தாள். "இப்படி வர்ற எல்லாருக்கும் தாத்தா தியாகிதான். நான் திருடனோட பேரன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தனும் இந்தப் படி ஏறினதில்லை."

"எங்கவர் நெசமாவே தியாகிங்க."

"இருக்கட்டும், இருக்கட்டும். என்ன சூப் வேணும்? உப்பு இருக்கு, சோயா சாஸ் இருக்கு. மிசோ கிடையாது."

"ஹொக்கைடோல மிசோ சூப் இல்லாத கடையா?" என்று தோமோயேவும் சிரித்தாள். பையிலிருந்து டப்பாவை எடுத்து மேடைமேல் வைத்தாள். "அப்ப இதை வச்சுக்குங்க அக்கா. எங்க கடைச் சரக்கு. கொள்ளுத்தாத்தா இந்தக் கிடங்குலேருந்து கொண்டுவந்த உறை. சுகவா கென்ஸோன்னு பேரு."

ஷிமாயேவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

அவள் மேலங்கியின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

"எடு. அதை எடு மேடையிலேருந்து."

தோமோயே பதறிப்போய் டப்பாவைத் திரும்பப் பையில் போட்டாள். ஷிமாயே கொதிக்கும் வெந்நீரை மேடையில் ஊற்றி, தென்னந்துடைப்பம் போன்ற முரட்டுத் தேய்ப்பானால் அந்த இடத்தைத் தேய்த்தாள். தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தாள். தோமோயேவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னங்க இது? விருந்தாளி கொடுத்ததை இப்படியா அசிங்கப்படுத்துவீங்க?"

"நீ இன்னும் அதைத் தின்னுக்கிட்டா இருக்கே?"

"தினமும். பொறந்ததுலேருந்து."

ஷிமாயே தேய்ப்பானைக் கீழே போட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். குரல் தாழ்ந்துவிட்டது.

"எங்க கொள்ளுத்தாத்தா இந்த ஜெயில்ல காவலர். அவர் பையனுக்குச் சொல்லி, அவர் எங்கப்பாவுக்குச் சொல்லி, எனக்கு வந்தது. உங்காளை இங்க யாரும் கென்ஸோன்னு சொன்னதில்லை. மூடிக்காரன்னுதான் சொல்லுவாங்க."

"மூடிக்காரனா?"

"பனியில ரோடு போட்டப்ப கைதிங்க கொத்துக் கொத்தாச் செத்தாங்க. செத்தவனைக் கால் சங்கிலியோடயே ரோட்டோரம் புதைச்சாங்க. உங்காளு எழுதப் படிக்கத் தெரிஞ்சவர், அதனால கிடங்கு வேலை. உள்ள கதகதன்னு இருக்கும். எய்கிச்சின்னு ஒரு பையன், அரிசி திருடி வந்தவன். எலும்பும் தோலுமா இருப்பானாம். ஒருநாள் கிடங்குக்குள்ள பூந்து, பீப்பாயில கையை விட்டு அள்ளி அள்ளித் தின்னிருக்கான். உங்காளு பார்த்துட்டார். சரக்கு குறைஞ்சா பழி அவர் தலையில. விடுதலை தள்ளிப் போயிடும். பின்னாலேருந்து வந்து பையன் தலையைப் பிடிச்சு உள்ள அமுக்கினார். கால் உதறினது நிக்கிறவரைக்கும் அமுக்கினார். அப்புறம் முழுசா உள்ள தள்ளி, மூடியைப் போட்டு, மேல ஏறி உட்கார்ந்துட்டார்."

தோமோயே பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"எய்கிச்சி தப்பிச்சு ஓடிட்டான்னு சதுப்பெல்லாம் தேடினாங்க. எங்க கொள்ளுத்தாத்தா போய்க் கேட்டப்ப, உங்காளு மூடிமேல இருந்தபடியே பதில் சொன்னாராம். பனி உருகுறவரைக்கும் சோறும் அங்கதான், தூக்கமும் அங்கதான். வேலைமேல அவ்வளவு அக்கறைன்னு மெச்சினாங்க. அந்த வருஷத்துச் சரக்கு..." ஷிமாயே எச்சிலை விழுங்கினாள். "அப்படி ஒரு ருசியாம். காவலருங்க வீட்டுக்கு வாங்கிட்டுப் போனாங்க. எங்க வீட்டுலயும் தின்னாங்க. உங்காளு விடுதலையாகிப் போனப்புறம்தான் பீப்பாயோட அடியைச் சுரண்டினாங்க. சங்கிலி கிடைச்சுது. வளையம் பூட்டினது பூட்டினபடி. உள்ள கால் இல்லை. அப்புறம்தான் நடந்தது என்னன்னு எல்லாருக்கும் புரிஞ்சுது."

"ஏன் யாரும் வெளிய சொல்லலை?"

"என்னன்னு சொல்லுவாங்க? ஊரே தின்னிருக்கு."

தோமோயே எழுந்துவிட்டாள். "காவலன் வீட்டுப் பேச்சு இது. கைதியைப் பத்தி நீங்க நல்லதாவா சொல்லுவீங்க? அடிச்சுக் கொன்னவங்க உங்க ஆளுங்க. பழி எங்க தாத்தா மேலயா?"

ஷிமாயே கோபப்படவில்லை. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து நீட்டினாள்.

"நம்பாதே. போய்ப் பாரு. ஆனா அந்த டப்பாவை உள்ள கொண்டு போகாதே."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதால்தானோ என்னவோ, தோமோயே பையைத் தோளில் மாட்டிக்கொண்டே போனாள்.

கிடங்கின் கதவு ஊதிப்போயிருந்தது. தோளால் முட்டித் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே கூரைப் பிளவுகள் வழியே மூடுபனி கீற்றுக் கீற்றாக இறங்கியது. நடுவில் ஒரே ஒரு பீப்பாய், அவளைவிட உயரம். மூங்கில் பட்டைகள் இற்றுப்போயிருந்தன. பக்கத்தில் ஓர் ஏணி. காலமெல்லாம் காலியாகக் கிடந்த மரத்தில் தூசி வாடைதான் அடித்திருக்க வேண்டும்.

வந்தது மிசோ வாடை. புத்தம் புதியது. அவர்கள் வீட்டு வாடை.

அவள் பலகையைத் தொட்டாள். ஈரம். விரலில் ஒட்டியது பிசுபிசுவென்று, உடம்புச் சூட்டில் இருந்தது. கையை உதறினாள். போகவில்லை. கோட்டில் துடைத்தாள்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

யாரோ விழுங்கும் சத்தம்.

அவசரமாக, மெல்லாமல், தொண்டை அடைக்க அடைக்க விழுங்கும் சத்தம். பிறகு விரலைச் சப்பும் சத்தம். அது பீப்பாய்க்குள்ளிருந்து வரவில்லை. அவள் தோளருகே கேட்டது.

தோளில் பை லேசாகிக்கொண்டே வந்தது.

அவள் டப்பாவை வெளியே எடுத்தாள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. திறந்தாள். காலையில் கரண்டியால் வழித்து மட்டமாக்கி நிரப்பிய மிசோ பாதிக்குமேல் காணோம். மீதியில் நான்கு விரல்கள் வாரிய தடம்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தடம் விழுந்தது. விழுது பிதுங்கி, எழும்பி, காற்றில் நின்று, இல்லாமல் போனது.

தடத்தின் அடியில் வெளுப்பாய் ஏதோ தெரிந்தது. வளைந்து, மெல்லியதாய், வேரோடு.

நகம்.

அவள் காதருகே மூச்சுப் பட்டது. உப்பும் பிணமும் கலந்த மூச்சு.

"இன்னும்..."

தோமோயே டப்பாவை வீசிவிட்டு ஓடினாள். அது தரையில் விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்கவேயில்லை.

வெளியே நாணலுக்குள் மண்டியிட்டு வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த சூப், நேற்றுத் தின்றது, எல்லாம் வந்தது. வாந்தியிலும் அதே வாடை. காய்ச்சல் வந்தால் நாக்கில் தடவிவிடும் மிசோ. பால்குடி மறந்த குழந்தைக்கு முதலில் ஊட்டும் மிசோ. சாகக் கிடந்த அப்பா ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சப்பிய மிசோ. ஆண்டுக்கு ஒரு பிடி உறைதானே, அதில் என்ன மிஞ்சியிருக்கும் என்று அறிவு சொன்னது. வயிறு கேட்கவில்லை. அவள் விரலைத் தொண்டைக்குள் விட்டு இன்னும் எடுக்கப் பார்த்தாள். பித்தநீர்தான் வந்தது.

ஷிமாயே தண்ணீரோடு ஓடிவந்து அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள்.

"மன்னிச்சிடுங்க அக்கா. உங்களை என்னென்னவோ சொல்லிட்டேன்."

"என்னை விடு. வாயைக் கொப்பளி."

"அவன்கிட்ட எப்படி மன்னிப்புக் கேக்கறது? எங்க புதைச்சாங்க?"

"சங்கிலியைக் கோயில் பின்னால புதைச்சாங்க. அவனைப் புதைக்க என்ன இருந்தது?" ஷிமாயே கிடங்கு இருந்த திசையைப் பார்க்காமலே சொன்னாள். "மன்னிப்பெல்லாம் அவனுக்குத் தெரியாதும்மா. அவன் பசியில செத்தவன். இவ்வளவு நாள் இங்க சும்மாதான் கிடந்தான். நீதான் சோத்தைக் காட்டிட்டே."

கடையில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கிஞ்சி கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"நல்ல கதைதான். ஆனா மாட்டி வைக்க முடியாதே!"

"சிரிக்காதே அண்ணா. உறையைக் கொட்டிடு. எல்லாப் பீப்பாயையும் கொட்டிடு. விக்கவே கூடாது."

"பைத்தியமா உனக்கு? எங்கேயோ ஒரு நூடுல்ஸ் கடைக்காரி உளறினதுக்கு நான் கடையை இழுத்து மூடணுமா? வீடே இதுல நிக்குது. நீ கண்டதைப் பார்த்துப் பயந்திருக்கே."

"நாலு விரல் தடம். என் கண்ணால பார்த்தேன்."

"அவ்வளவுதானே? இதோ, பெரிய பீப்பாய்கிட்டதான் நிக்கிறேன். திறந்து பார்த்துச் சொல்றேன், இரு."

"வேண்டாம். திறக்காதே. அண்ணா!"

மூடியை அழுத்த வைத்திருந்த பாரக்கற்களை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கும் சத்தம் போனில் கேட்டது. மூடி உரசும் சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.

"என்ன தெரியுது?"

யாரோ விழுங்கும் சத்தம் கேட்டது. தொடர்பு அறுந்தது.

கப்பலிலும் ரயிலிலுமாக அவள் வீடு வந்து சேர்ந்தபோது மறுநாள் பிற்பகல். வழியெல்லாம் அவள் எதையும் தின்னவில்லை. கடை மூடியிருந்தது. நல்ல வெயிலில், தெருவின் எதிர்ப்பக்கம், அண்ணி மசுயே வெறுங்காலோடு நின்றிருந்தாள்.

"வந்துட்டியா? நேத்திலேருந்து இறங்க மாட்டேங்கறார் உங்கண்ணன். கிட்டப் போனாக் கத்தறார்."

"எதுலேருந்து இறங்க மாட்டேங்கறார் அண்ணி?"

மசுயே கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கைக் காட்டினாள். கூட வரவில்லை.

கிடங்கின் கதவு திறந்தே இருந்தது. பெரிய பீப்பாயின் மூடிமேல் கிஞ்சி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாரக்கற்கள் கீழே சிதறிக் கிடந்தன. அவன் கைகள் முழங்கைவரை செம்பழுப்பாக இருந்தன. வாயோரத்தில் காய்ந்து வெடித்த மிசோ. தாடையிலும் மூக்கிலும்கூட. நாக்கை நீட்டி அதை நக்கிக்கொண்டே இருந்தான். காலடியில் அவனே கழித்திருந்தான் போலும். அந்த நாற்றமும் சேர்ந்து வந்தது.

"கதவைச் சாத்து" என்று கிசுகிசுத்தான்.

"அண்ணா, இறங்கி வா. நான் பிடிச்சுக்கறேன்."

"இறங்கினா வெளிய வந்துடுவான்." அவன் கண்கள் அவளை விட்டு நகரவில்லை. "கீழேருந்து தள்ளறான் தோமோயே. தாத்தா என்ன கனமோ தெரியலை. என் கனம் பத்தலை. நீயும் வந்து உட்காரு."

மூடி மெல்ல எழும்பியது. அவனும் அதோடு எழும்பினான். விளிம்பில் செம்பழுப்பு நுரை பிதுங்கி, பலகை வழியே கோடு கோடாக வழிந்தது.

வாடை அவள் முகத்தில் அறைந்தது.

குமட்டல் வரப்போகிறது என்று அவள் வாயைப் பொத்தினாள். குமட்டவில்லை. நாக்கின் அடியிலிருந்து எச்சில் ஊறியது. ஊறி ஊறி வாய் நிறைந்து, பொத்திய விரல்களுக்கிடையே வழிந்தது. வேறு வழியில்லாமல் அவள் அதை விழுங்கினாள்.

மூடிக்குக் கீழேயும் யாரோ விழுங்கினார்கள்.